ஆடி அமாவாசைக்கு ஒரு காகம் தேவை

வாழ்க்கையில் நான் காகத்தைத் தேடிப் போனது ஒரே ஒரு முறைதான். மற்ற நாட்களில் காகம்தான் என்னைத் தேடி வரும். சுவிஸில், ஊஸ்டரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் அப்வார்ட். அதாவது கட்டடத்தைப் பார்ப்பவன், குழாய் திருத்துபவன், பனி வழிப்பவன், பிள்ளைகள் எறிந்த வாழைப்பழத் தோலுக்குப் பொறுப்பதிகாரி எல்லாம் நான் ஒருவனே. நான் இறுக்கிக் கட்டிவைத்த குப்பைப் பையைக் கிழித்து, உள்ளிருந்ததை முற்றம் முழுக்கப் பரப்பிவிட்டு, கூரையில் ஏறியிருந்து என்னைப் பார்த்து நக்கலாகக் கத்துவதற்கென்றே அங்கே ஒரு காகக் கூட்டம் இருக்கிறது. (எனக்காவது லீவு உண்டு. அவைகளுக்கு அதுவும் கிடையாது. அவ்வளவு கடமையுணர்ச்சி.)

அப்படிப்பட்ட நான், ஒரு கோடை நடுப்பகலில், பனியே இல்லாத பனி விளையாட்டு மைதானம் ஒன்றில், கோபுரத்தின் பாதி உயரத்தில், இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கா... கா..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு உயரம் என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் ஏணியின் மூன்றாம் படிக்கு மேலே போக வேண்டிய பல்புகளெல்லாம் இன்னும் மாற்றப்படாமலேதான் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு கலண்டர்.

பல வருடங்களுக்கு முன்னர், என் கார் திருத்துகிற கராஜ்காரர் புதுவருடத்துக்குத் தந்த கலண்டரை, ஊருக்குப் போன ஒருவரிடம் மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். மாமா என்றால் மனைவி வதனியின் தகப்பனார். பருத்தித்துறையில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபாலதிபர். அந்தக் கலண்டரின் பெப்ரவரிப் பக்கத்தில் ஒருவன், காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னுக்கு ஒட்டவைத்துக்கொண்டு, ஆகாயத்தில் குப்புறப் படுத்திருந்தான். கீழே மரங்களின் நுனி தெரிந்தது. மாமா பெப்ரவரிக்குப் பிறகு அந்தக் கலண்டரைப் புரட்டவேயில்லை. அவருடைய வீட்டு விறாந்தையில் இன்றைக்கும் பெப்ரவரிதான்.

கடைசியில் விசா கிடைத்து மாமா வந்து இறங்கியபோது நல்ல வெயில் காலம். மாமி வரவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமாம். சுவிஸுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது நீர்வீழ்ச்சி, சொக்கலேற், லுசேர்ண் மரப்பாலம். மாமா கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, அந்தப் பறக்கிற மனிசனைக் காட்டும்."

இது கோடை, பனி இல்லை, அவர்கள் எல்லாரும் மாரியில்தான் பறப்பார்கள், இப்போது போனால் மலையும் மாடும்தான் நிற்கும் என்று விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவன் பறக்கிற இடத்தையாவது பார்ப்போம், அவன் லீவில் நிற்கட்டும் என்றார். ஒரு தபாலதிபரோடு வாதாடி வென்றவர்களை நான் கண்டதில்லை.

ஆகவே, பள்ளிக்கூட விடுமுறையில் காரில் ஊர் சுற்றப் புறப்பட்டோம். நான், வதனி, பதினேழு வயது மகள் துளசி, மாமா. முதல் நாள் லுசேர்ண். இரவு வதனியின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கல். இரண்டாம் நாள் மலைக்குள் ஏறி, அந்தப் பலகைக்காரர்கள் பாய்கிற ஸ்கி பாய்ச்சல் கோபுரம் உள்ள ஒரு ஊருக்குப் போவதாகத் திட்டம். (ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என்னை இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.)

இரண்டாம் நாள் காலையில் நான் எழும்பும்போது குசினியில் வடை பொரிகிற வாசம். மாமா தோய்ந்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். வதனி ஒரு சட்டியில் காத்தோட்டிக்காய் கிண்டிக்கொண்டிருந்தாள். காத்தோட்டிக்காயைக் கண்டால் எந்த யாழ்ப்பாணத்தானும் திகதி கேட்கத் தேவையில்லை. அந்தக் கசப்புக் காயை மனிதர் விரும்பிச் சமைப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள், ஆடி அமாவாசைக்கு, தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கும்போது சமைப்பார்கள். ஊஸ்டரிலிருந்தே அதைப் பொதி செய்து கொண்டுவந்திருக்கிறாள். விரத நாளில் பயணம் என்பது காரிலிருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஓட்டுகிறவனைத் தவிர.

எனக்கும் தகப்பனார் இல்லைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் விரதம் கனடாவில் இருக்கிற அண்ணையின் பொறுப்பு. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பசி கிடப்பார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடுவேன். நீண்டகால ஏற்பாடு.

மாமாவின் விரதச் சட்டம் எளிது. மத்தியானம் திரும்பியதும் தகப்பனாருக்குப் படைக்க வேண்டும். படைத்ததில் ஒரு பங்கைக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் அவர் வாய் வைப்பார். அதுவரை தண்ணீர்கூட இல்லை. மாமாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, காலையில் குளிசையும் போட்டிருக்கிறார் என்பதையெல்லாம் இந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

லுசேர்ணிலேயே காரியத்தை முடித்துவிடலாம், ஏரிக்கரையில் காகம் நிறைய நிற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். காலையில் யாராவது பிதிருக்குப் படைப்பார்களா என்று கேட்டார். போகிற இடத்தில் காகம் இருக்குமோ தெரியாதே என்றேன்.

"காகம் இல்லாத ஊரும் இருக்கோ தம்பி? பனி உள்ள ஊரிலை பறக்கிறதுக்கு மனிசனே நிக்கிறான்."

நியாயமாகத்தான் பட்டது. அந்த நேரத்தில்.

ஸ்கி ஊர் ஒன்றைக் கோடையில் பார்த்திருக்கிறீர்களா? கலியாணம் முடிந்த அடுத்த நாள் மண்டபம் போல இருக்கும். லிஃப்டின் கதிரைகள் கம்பியில் அசையாமல் தொங்கின. பனி பொழிகிற இயந்திரங்களை உறை போட்டுப் புல்லுக்குள் நிறுத்தியிருந்தார்கள். ஹோட்டல் யன்னல்கள் பூட்டிக் கிடந்தன. பசுமாடு ஒன்று "ஸ்கி வாடகைக்கு" என்ற பலகையில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் பின்னால், மலைச் சரிவில், அந்தக் கோபுரம். உச்சியிலிருந்து ஒரு ஒடுங்கிய பாதை செங்குத்தாக இறங்கி, பாதியில் திடீரென்று அறுந்துபோய்விடுகிறது. அதற்குக் கீழே, பச்சை நிறப் பிளாஸ்டிக் விரித்த பெரிய சரிவு. அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

"புல்லுக்குத்தான் தண்ணி விடுறவை. இவங்கள் பிளாஸ்டிக்குக்கும் விடுறாங்கள்" என்றார் மாமா.

தூசு கழுவுகிறார்கள் என்று விளக்கம் கொடுத்தேன். கட்டடப் பராமரிப்பில் இருபது வருட அனுபவம் உள்ளவன் அல்லவா. கோடையில் இங்கே ஒருவரும் பறக்கமாட்டார்கள், இது வெறும் காட்சிக்கு என்றும் சேர்த்துச் சொன்னேன். துளசி தன் ஃபோனைப் பார்த்துவிட்டு, கோடையிலும் பயிற்சி நடக்குமாம் என்று ஏதோ சொல்ல வந்தாள். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வரக்கூடாது என்றேன். (இந்த வசனத்தை அவள் பின்னர் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். நீண்ட நாள் ஒட்டியிருந்தது.)

சரிவு முடிகிற புல்வெளியோரத்தில் மர மேசை ஒன்று இருந்தது. வதனி வாழையிலை விரித்துச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், காத்தோட்டிக்காய், வடை, பாயாசம் எல்லாம் படைத்தாள். மாமா கண்ணை மூடித் தகப்பனாரை நினைத்தார். ஒரு பங்கைப் பக்கத்து மரக்குற்றியில் வைத்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்தோம்.

வானம் சுத்தமாக இருந்தது. விளம்பரத்தில் வருகிற வானம். ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

நான் "கா" என்றேன். வதனி "கா" என்றாள். துளசி ஃபோனில் காகச் சத்தம் ஒன்றைத் தேடிப் போட்டாள். ஒரு நாய் வந்தது. வடையை மணந்து பார்த்தது. மாமா அதைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டது.

நேரம் போனது. மாமாவின் விரல்கள் இலையின் ஓரத்தில் இலேசாக நடுங்கத் தொடங்கின. நெற்றி வேர்த்தது. வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கம். கைப்பையிலிருந்து சீனி பார்க்கிற கருவியை எடுத்து, மாமாவின் விரலில் குத்தி, இலக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்து, காருக்குப் பின்னால் வரும்படி கண்ணைக் காட்டினாள்.

"அப்பாவுக்குச் சீனி இறங்குது. இப்ப சாப்பிட வேணும். இல்லாட்டி இஞ்சை விழுந்திடுவார்."

"தோடம்பழச் சாறு குடுமன்."

"குடுத்தனான். 'என்ரை ஐயா பசியோடை நிக்க நான் குடிக்கிறதோ' எண்டு கேக்கிறார். எங்கையாவது ஒரு காகத்தைப் பிடியுங்கோ."

என்னவோ நான் காகங்களைப் பண்ணை வைத்து வளர்க்கிறவன் போல. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வருடம் முழுக்க என் குப்பைத்தொட்டியில் மேய்கிற அந்தக் கூட்டத்தில் ஒன்று, ஒரே ஒன்று, இன்றைக்கு இங்கே வந்தால் என்ன? திரும்பிப் போய் மாமாவிடம் சமரசம் பேசினேன். அந்தக் குருவியைக் காகமாக வைத்துக்கொள்ளலாமா? மாட்டார். மாட்டுக்குக் கொடுத்தாலும் புண்ணியம்தானே? அது வேறு கணக்காம். அப்போது துளசி கோபுரத்தைக் காட்டினாள். கோபுரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிக் கறுப்பாக நாலைந்து பறவைகள் வட்டமிட்டன. மலையில் இருக்கிற ஒரு வகைக் காகம். சொண்டு மஞ்சள், கால் சிவப்பு.

"காகத்துக்கு ஆர் மஞ்சள் பூசினது?" என்று மாமா கேட்டார். குரல் மெலிந்திருந்தது. இந்த நாட்டுக் காகம் அப்படித்தான், இங்கே பால்கூட வேறு நிறத்துப் பெட்டியில்தான் வரும் என்று நான் ஏதோ உளறினேன். மாமா திரும்பவும் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு, கறுப்பாக இருந்து, பறந்து வந்து சாப்பிட்டால் சரி என்று அனுமதி தந்தார்.

மரக்குற்றியில் இருந்த பங்கை ஈயத்தாளில் சுற்றி, சிவப்புக் கட்டம் போட்ட சமையல் துவாயில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

கோபுரப் படிக்கட்டின் அடியில் ஒரு சங்கிலி. அதில் "அனுமதியில்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது" என்று ஒரு பலகை. அதே அளவில், அதே எழுத்தில் என் பள்ளிக்கூடக் கொதிகலன் அறைக் கதவிலும் ஒன்று தொங்குகிறது. மாட்டியவன் நான். அதைத் தாண்டிய பிள்ளைகளை நிறுத்தி வைத்து, இந்த நாட்டில் சட்டம் என்றால் என்ன என்று நீண்ட பிரசங்கம் செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

அந்தப் படிக்கட்டைச் செய்தவன் மனிதனே அல்ல. ஒவ்வொரு படியும் இரும்புச் சல்லடை. காலுக்குக் கீழே உலகம் முழுவதும் தெரிகிறது. முதலில் புல் தெரிந்தது. பிறகு புல்லின் மேல் என்னுடைய கார், தீப்பெட்டி அளவில். பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். மூடினால் கால் தடக்குகிறது, திறந்தால் தலை சுற்றுகிறது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு கஷ்டமும் சேர்ந்து வந்தது.

அந்த ஓடுபாதை அறுந்துபோகிற இடத்துக்குப் பக்கத்தில், வெளியே நீட்டிக்கொண்டு, பால்கனி போல ஒரு சின்ன மேடை. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் ஏற உயிரும் இல்லை. மேடையின் கம்பியில் ஈயத்தாளை விரித்து, சோற்றை வைத்து, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழைத்தேன். கா. கா. காகங்கள் என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன. ஒன்று எதிர்க் கம்பியில் வந்து குந்தி, தலையைச் சரித்து, என்னைப் பார்த்தது. சோற்றைப் பார்க்கவில்லை. என் நிலைமைதான் அதற்குச் சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும்.

ஃபோன் அடித்தது. வதனி.

"எங்கை நிக்கிறியள்? காகம் சாப்பிட்டிட்டுதோ?"

"பாத்துக்கொண்டு நிக்குது."

"அப்பா உங்களைத் தெரியேல்லை எண்டுறார். தான் கண்ணாலை காண வேணுமாம். கையிலை என்ன இருக்கோ அதைத் தூக்கி ஆட்டிக் காட்டுங்கோ, கெதியா."

கையில் துவாய் இருந்தது. தலைக்கு மேலே உயரத் தூக்கி, கீழே தெரியட்டும் என்று ஓங்கி இறக்கினேன்.

இனி நான் சொல்லப்போகும் தகவல் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அது பால்கனி அல்ல. பயிற்சியாளர் நிற்கிற இடம். கோபுர உச்சியில், குறுக்குக் கட்டையில், பாய வேண்டியவன் உட்கார்ந்திருப்பான். காற்றுச் சரியானதும் பயிற்சியாளர் அந்த மேடையில் நின்று கொடியைத் தூக்கி இறக்குவார். இறக்கினால் பாய வேண்டும். நனைத்த பிளாஸ்டிக் பனியைப் போல வழுக்கும் என்பதால் கோடையிலும் இது நடக்குமாம். அன்றைக்குப் பயிற்சியாளர் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். பாய வேண்டியவன் மட்டும் நேரத்தோடு மேலே போய்க் காத்திருந்தான். சுவிஸ்காரன் அல்லவா.

மேலே "கர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். தலை முதல் கால் வரை கறுப்பு, உச்சியில் மஞ்சள், ஏதோ ஒன்று புகையிரதம் போல என் காதுக்குப் பக்கத்தால் வந்து, அறுந்த பாதையின் நுனியில் நிமிர்ந்து, ஆகாயத்துக்குள் போய்விட்டது.

படித்தவன் போல நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது, மாமாவின் ஐயா வந்துவிட்டார், அதுவும் கடும் பசியில் வந்திருக்கிறார் என்பதுதான். குந்தினாற்போல விழுந்தேன். ஈயத்தாள் என் தலையில் கவிழ்ந்தது. மூக்கில் பால்கறி. நான் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். வதனி ஃபோனில் கேட்டிருக்கிறாள்.

பிறகு நிசப்தம். பிறகு கீழே, தூரத்தில், "படீர்" என்று ஒரு சத்தம்.

ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று முடிவெடுத்தேன். கீழே எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே வழக்கை நடத்தினேன். விலங்கு போட்டுவிட்டார்கள். எத்தனையோ வருடம் அலைந்து, பரீட்சை எழுதி எடுத்த சிவப்புப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புது அப்வார்ட் வந்து, முதல் வேலையாக நான் மாற்றாத பல்புகளை மாற்றுகிறான். ஏதோ ஒரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், "காகத்துக்குச் சோறு வைத்தல்" என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிகிறார்.

சல்லடைப் படிகள் அதிர, கொடியைக் கையில் பிடித்தபடி பயிற்சியாளர் ஓடி வந்தார். பெரிய மீசை. மூச்சு வாங்கியது, அதற்குள்ளும் கத்தினார். நீ யார், உனக்குப் பைத்தியமா, யாரைக் கேட்டுச் சைகை காட்டினாய் என்பது வரை எனக்கு விளங்கியது. மற்றது மலைப்பக்கத்து வசைகள். எனக்குத் தெரிந்த சுவிஸ் ஜெர்மன் குழாய்க்கும் குப்பைக்கும், நன்றிக்கு ஒரு "மெர்சி" சொல்லவும் போதும். காகத்துக்குப் போதாது. மாமாவின் அப்பாவைக் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

பயிற்சியாளர் உச்சியை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு கிழவனும் பாயப்போகிறானோ என்று பயந்திருக்க வேண்டும். அவர் எங்கே என்றார்.

இறந்துவிட்டார் என்றேன்.

மனிதரின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. கொடி கையிலிருந்து தாழ்ந்தது. எப்போது என்று மெதுவாகக் கேட்டார். நாற்பது வருடம் இருக்கும் என்றேன். இங்கேயா? இல்லை, பருத்தித்துறையில். அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்கவும் முடியாமல், என்னைக் கீழே தள்ளவும் முடியாமல், அந்தப் பெரிய மீசை துடித்துக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில் என் ஃபோன் திரும்ப அடித்தது. வதனியின் குரலில் பதற்றமே இல்லை.

"இறங்கி வாங்கோ. காகம் சாப்பிட்டிட்டுது."

"எந்தக் காகம்?"

"நீங்கள் அனுப்பினது."

கம்பிக்கிடையால் ஒற்றைக் கண்ணை வைத்துக் கீழே பார்த்தேன். புல்வெளியில் இரண்டு நீளப் பலகைகள் கிடந்தன. எங்கள் மேசையில், மாமாவுக்கு எதிரில், கறுப்பு உடுப்பும் மஞ்சள் தொப்பியுமாக ஒருவன் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உயிரோடுதான். உயிரில்லாதவர்கள் வடைக்கு இரண்டாம் தரம் கை நீட்டமாட்டார்கள். மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததைத் துளசி பின்னர் எனக்குச் சொன்னாள். கண் இருட்டிக்கொண்டு வந்த மாமா, நான் துவாயை இறக்கியதைக் கண்டிருக்கிறார். இறக்கியதும் கறுப்பாக ஒன்று கோபுரத்திலிருந்து கிளம்பி, காற்றில் படுத்தபடியே வந்து, பச்சையில் இறங்கி, சறுக்கி, எங்கள் மேசைக்கு முன்னால் புல்லில் வந்து நின்றிருக்கிறது. மாமா எழும்பிக் கைகூப்பிவிட்டார். கலண்டரில் அத்தனை வருடம் பார்த்தவன், அவருடைய ஐயாவின் நாளில், நேரில். பெடியனுடைய பெயர் யானிக். மேடையில் நிற்கிற அந்த மனிதர் யார் என்று கேட்கத்தான் அவன் கிட்ட வந்திருக்கிறான். மாமா அவனைக் கையைப் பிடித்து இருத்த, துளசிக்கு அந்தரமாகப் போய்விட்டது.

"அம்மப்பா, இவர் மனுசன்."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. பசிக்குதோ எண்டு கேள்."

அவள் கேட்டிருக்கிறாள். எப்போதும் பசிதான் என்று யானிக் சொல்லியிருக்கிறான். பாரம் கூடினால் பறக்க ஏலாதாம், அதனால் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதானாம். விரதம் இருக்கிற பிள்ளை என்று மாமா உருகிப்போனார். தன் கையாலேயே சோற்றை உருட்டி, வடையும் வைத்து அவனிடம் கொடுத்திருக்கிறார். அவன் வாயில் வைத்ததும் மாமா தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இது செல்லுமோ என்று வதனி கேட்டதற்கு அவர் கொடுத்த தீர்ப்பு இதுதான்:

"கறுப்பெல்லோ. பறந்து வந்ததெல்லோ. சாப்பிட்டதெல்லோ. பிறகென்ன? சொண்டு மஞ்சள் எண்டு தம்பி முதலே சொன்னவர்."

மேலே எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஓடுபாதையின் நுனியில் பருப்பும் சோறும் கிடந்தால் அடுத்து வருகிறவன் வழுக்கி விழுவான் என்று பயிற்சியாளர் ஒரு தும்புத்தடியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். லீவில், குடும்பத்தோடு, மலை உச்சியில் நின்று நான் கூட்டினேன். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு கட்டத்தில் கேட்டார். அப்வார்ட் என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு யானிக்கின் கையில் வடையைக் கண்டுவிட்டு, "எடை, எடை" என்று கத்திக்கொண்டு கீழே ஓடினார்.

நான் சோற்றைக் கூட்டி மேடையின் மூலையில் குவித்தேன். அப்போதுதான் அவை இறங்கின. அதுவரை வட்டமடித்துக்கொண்டிருந்த மஞ்சள் சொண்டுக் காகங்கள் எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக, என் காலடியிலேயே வந்து இறங்கி ஒரு பருக்கை விடாமல் தின்றன. காத்தோட்டிக்காயைக்கூட விடவில்லை. கீழே பார்த்துக் கத்தினேன், இங்கே பாருங்கள், உண்மையான காகம் சாப்பிடுகிறது என்று. ஒருவரும் நிமிரவில்லை. பாயாசம் பரிமாறும் நேரம்.

என்னுடைய அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கலியாண வீட்டுக்கும் கடைசிப் பந்தியும் முடிந்து, இலையெடுக்கிற நேரத்துக்குத்தான் போவார். போய், கூச்சமே இல்லாமல், இருப்பதைப் போடச் சொல்லிச் சாப்பிடுவார். அந்தக் கூட்டத்தில் பிந்தி வந்த காகம் ஒன்று, மற்றவை போன பிறகும் நின்று, ஈயத்தாளை வழித்துச் சாப்பிட்டது. அண்ணைக்கு இதைச் சொல்லவில்லை. தன் பொறுப்பில் நான் கை வைத்துவிட்டேன் என்று நினைப்பார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். காற்சட்டையின் பின்பக்கத்தைப் பிறகு எறிய வேண்டி வந்தது. நான் மேசைக்கு வந்து சேர்ந்தபோது மாமாவின் நெற்றியில் வேர்வை இல்லை, கை நடுங்கவில்லை. பயிற்சியாளர் யானிக்குக்குப் பக்கத்தில் இருந்து, அவன் இனிமேல் சாப்பிடக் கூடாது என்பதற்காக அவனுடைய பங்கைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு முடிந்திருந்தது. வடை, பாயாசம், பால்கறி எல்லாம் முடிந்திருந்தன. சட்டியில் எனக்கென்று மிஞ்சியிருந்தது காத்தோட்டிக்காய்.

"சாப்பிடும் தம்பி. நீரும் களைச்சுப்போனீர்" என்றார் மாமா.

மாரியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஸ்கி பாய்ச்சல் போகும்போது இப்போதும் துளசி குசினித் துவாயைக் கொண்டுவந்து என் மடியில் போடுவாள். அப்பா வீசினால்தான் அவர்கள் பறப்பார்களாம். வதனி என்னை எதற்காவது அவசரப்படுத்தும்போது, கெதியாய் வாருங்கோ என்று சொல்வதில்லை. வெறுமனே கையைத் தூக்கி இறக்குவாள்.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு ஃபோன் எடுப்பார். பருத்தித்துறையில் காகத்துக்குப் பஞ்சமில்லை. சோறு வைக்கும் முன்னரே மதிலில் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் மாமாவுக்கு அவைகளில் இப்போது மதிப்பில்லை.

"கொத்திப்போட்டுப் பறந்திடுதுகள், தம்பி. ஒரு மரியாதை கிடையாது. அங்கை வந்தது தொப்பியைக் கழட்டி வைச்சிட்டெல்லோ சாப்பிட்டது. எழும்பேக்கை மெர்சி எண்டும் சொன்னது."